உணரி அளவீட்டுப் பிழைகளும் மின்வழங்கலும்: பொழுதுபோக்கு நுண்கட்டுப்படுத்தித் திட்டங்களில் பழுது கண்டறியும் முறை

ஆய்வுச் சுருக்கம்

ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகைகளைக் கொண்டு மாணவர்களும் ஆர்வலர்களும் அமைக்கும் சுற்றுகளில் உணரிகள் தவறான அளவீடுகளைத் தருவது அடிக்கடி காணப்படும் சிக்கலாகும். இத்தவறுகள் பெரும்பாலும் உணரியின் குறையாகவோ நிரலின் குறையாகவோ கருதப்படுகின்றன. உண்மையில் அவற்றுள் கணிசமானவை மின்வழங்கலிலும் தரை இணைப்பிலும் தோன்றி, உணரியின் அளவீட்டில் வெளிப்படுபவை. வெப்பநிலை உணரி ஒன்றும் சர்வோ மோட்டார் ஒன்றும் கொண்ட எளிய சுற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்பிழைகள் தோன்றும் விதத்தையும், அவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்தறியும் சோதனைகளையும், களையும் வரிசைமுறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நுண்கட்டுப்படுத்தி, உணரி, மின்வழங்கல், தரை இணைப்பு, ஒப்பீட்டு மின்னழுத்தம், முறையான பிழை, பழுது கண்டறிதல்.

1. முன்னுரை

2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்பு மாணவர்களின் பயன்பாட்டிற்காகத் தொடங்கப்பட்டது ஆர்டுயினோ திட்டம். மின்னணுவியலை முறையாகப் பயிலாதவரும் ஒரு சுற்றை அமைத்து இயக்கலாம் என்னும் நிலையை அது உருவாக்கியது. பற்றவைப்பு ஏதுமின்றிப் பிரெட்போர்டில் கம்பிகளைச் செருகி, கணினியின் யு.எஸ்.பி. வாயிலிலிருந்து மின்சாரம் பெற்று, சில வரி நிரலால் வெப்பநிலையை அளக்கவும் மோட்டாரை இயக்கவும் இன்று இயலுகிறது. பள்ளி அறிவியல் கண்காட்சி முதல் முதுநிலைப் பட்ட ஆய்வேடு வரை இத்தகைய சுற்றுகள் இடம்பெறுகின்றன.

இவ்வெளிமையின் மறுபக்கம் பழுது நேரும்போது தெரிகிறது. தனியே சோதித்தபோது சரியாக இயங்கிய உணரி, மோட்டாரையும் சேர்த்து இணைத்தவுடன் தாறுமாறான எண்களைத் தருகிறது. பலகை இடையிடையே தானாகவே மறுதொடக்கம் கொள்கிறது. மாணவர் உணரியை மாற்றுகிறார். பின்னர் நிரலைத் திருத்துகிறார். அளவீடுகளின் சராசரியை எடுத்து எண்களை அமைதிப்படுத்துகிறார். எண்கள் அமைதியடைகின்றன. ஆயினும் அவை சரியானவை ஆகிவிடுவதில்லை.

இயங்காமல் நின்றுவிடும் சுற்று தன் பழுதைத் தானே அறிவித்துவிடுகிறது. நம்பத்தக்க தவறான எண்ணைத் தரும் சுற்றோ எதையும் அறிவிப்பதில்லை; அவ்வெண் அட்டவணையில் ஏறி, வரைபடமாகி, ஆய்வு முடிவாகவும் மாறிவிடுகிறது. ஆதலின் இங்கு முதன்மையாக ஆராயப்படுவது இவ்விரண்டாம் வகைப் பழுதேயாகும்.

2. எடுத்துக்காட்டுச் சுற்று

பசுமைக்குடிலின் மாதிரி ஒன்றைக் கருதுக. அதன் காற்றுச் சாளரத்தை எஸ்.ஜி.90 வகைச் சிறிய சர்வோ மோட்டார் திறந்து மூடுகிறது. உள்ளிருக்கும் வெப்பநிலையை எல்.எம்.35 உணரி அளக்கிறது. ஆர்டுயினோ யுனோ பலகை இரண்டையும் கட்டுப்படுத்துகிறது. பலகையின் 5 வோல்ட் முனையும் தரைமுனையும் பிரெட்போர்டின் இரு நீண்ட வரிசைகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வரிசைகளிலிருந்தே உணரியும் மோட்டாரும் மின்சாரம் பெறுகின்றன. முழுச் சுற்றிற்கும் யு.எஸ்.பி. கம்பியே மின்மூலம்.

நிரல் மிக எளியது. வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாளரத்தைத் திறக்க வேண்டும். இல்லையேல் மூட வேண்டும். அறையின் உண்மையான வெப்பநிலை 30 டிகிரி. ஆகவே சாளரம் மூடியே இருக்க வேண்டும். ஆனால் மின்சாரம் அளித்தவுடன் சாளரம் திறந்தும் மூடியும் ஓயாது துடிக்கத் தொடங்குகிறது. சர்வோவின் கம்பியைப் பிடுங்கிவிட்டால் வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டி அசையாமல் நிற்கிறது. நிரலில் பிழை ஏதும் இல்லை; உணரியும் பழுதற்றது; மோட்டாரும் அவ்வாறே. பழுது இம்மூன்றையும் இணைக்கும் கம்பிகளில் உள்ளது. அதனை விளங்கிக்கொள்ள, பலகை மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

3. அளவுகோல் சுருங்குதல்: ஒப்பீட்டு மின்னழுத்தம்

யுனோ பலகையின் மையமாகிய ஏ.டி.மெகா328பி நுண்கட்டுப்படுத்தியில் 10 பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றி ஒன்று உள்ளது. அது உள்ளீட்டு மின்னழுத்தத்தைத் தனியாக அளப்பதில்லை. ஒப்பீட்டு மின்னழுத்தம் எனப்படும் ஒன்றோடு ஒப்பிட்டு, அதன் எத்தனை பங்கு என்பதை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாகத் தருகிறது. உள்ளீட்டை ஒப்பீட்டு மின்னழுத்தத்தால் வகுத்து 1024ஆல் பெருக்கினால் அவ்வெண் கிடைக்கும். நிரலில் வேறுவகையாகக் குறிப்பிடாதவரை, பலகையின் மின்வழங்கலாகிய 5 வோல்ட்டே ஒப்பீட்டு மின்னழுத்தமாகும்.

எல்.எம்.35 உணரி ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 10 மில்லி வோல்ட் தருவது. 30 டிகிரியில் அதன் வெளியீடு 300 மில்லி வோல்ட். மின்வழங்கல் சரியாக 5 வோல்ட்டாக இருப்பின் மாற்றி தரும் எண் 61. நிரல் அதனை மீண்டும் வெப்பநிலையாக மாற்றும்போது 29.8 டிகிரி கிடைக்கிறது. இது ஏற்கத்தக்க அளவீடு.

சர்வோ நகரத் தொடங்கும்போது நிலைமை மாறுகிறது. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்திலும், சுமையால் தடுக்கப்படும் கணத்திலும் அது இழுக்கும் மின்னோட்டம் மிகுதி, எஸ்.ஜி.90 போன்ற சிறிய சர்வோவிலும் அது அரை ஆம்பியரைத் தாண்டலாம். யு.எஸ்.பி. கம்பியின் மின்தடை, பலகையில் 500 மில்லி ஆம்பியருக்கென அமைந்த தன்மீட்பு உருகியின் மின்தடை, பிரெட்போர்டுத் தொடுமுனைகளின் மின்தடை ஆகியன ஒவ்வொன்றும் மின்னழுத்தத்தில் சிறிது சிறிதாக விழுங்குகின்றன. பலகையின் மின்னழுத்தம் 4.5 வோல்ட்டாகத் தாழ்வதாகக் கொள்க. உணரியின் வெளியீடு அதே 300 மில்லி வோல்ட்தான். ஆனால் அது இப்போது 4.5 வோல்ட்டோடு ஒப்பிடப்படுவதால் எண் 68 ஆகிறது. ஒப்பீடு 5 வோல்ட்டோடுதான் நிகழ்ந்தது என நம்பும் நிரல் அதனை 33.2 டிகிரி எனக் கணக்கிடுகிறது.

பொருள் வளரவில்லை, அளவுகோல் சுருங்கியது. மோட்டார் அசைந்த கணத்தில் பசுமைக்குடில் 3 டிகிரிக்கு மேல் சூடேறியதாகப் பலகை முடிவு செய்கிறது.

எல்லா உணரிகளும் இப்பிழைக்கு உட்படுவதில்லை என்பதும் இங்கு நோக்கத்தக்கது. ஒளிசார் மின்தடை, வெப்பத் தடையம், திருகு மின்தடை ஆகியவற்றை மின்வழங்கலுக்கும் தரைக்கும் இடையே மின்னழுத்தப் பகுப்பியாக இணைக்கும்போது, அவற்றின் வெளியீடும் மின்வழங்கலின் விகிதமாகவே அமைகிறது. மின்வழங்கல் தாழும்போது இரண்டும் ஒருங்கே தாழ்வதால் எண் மாறுவதில்லை. எல்.எம்.35 போலத் தனக்கெனத் திட்டமான மின்னழுத்தத்தை வெளியிடும் உணரிகளே இப்பிழைக்கு ஆளாகின்றன. ஒரே சுற்றில் ஒளி அளவீடு சரியாகவும் வெப்ப அளவீடு பிழையாகவும் இருப்பின், வெப்ப உணரியைப் பழுதென ஒதுக்குவதற்கு முன் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

4. அடித்தளம் உயர்தல்: பொதுத் தரைக்கம்பி

சுற்று வரைபடத்தில் தரைக்குறி எங்கெங்கு இடம்பெற்றாலும் அவையனைத்தும் ஒரே புள்ளியாகவே கொள்ளப்படுகின்றன. உண்மைச் சுற்றில் அவை கம்பிகளால் இணைந்தவை. கம்பிக்கு மின்தடை உண்டு. மோட்டாரின் மின்னோட்டம் மின்வழங்கியிலிருந்து புறப்படுவது போலவே அதற்குத் திரும்பியும் ஆக வேண்டும். அத்திரும்பு வழி உணரியின் தரைக்கம்பியாகவும் இருப்பின் இரண்டாவது பிழை தோன்றுகிறது.

எடுத்துக்காட்டுச் சுற்றில் உணரியும் மோட்டாரும் பிரெட்போர்டின் ஒரே தரை வரிசையில் உள்ளன. அவ்வரிசையிலிருந்து பலகைக்கு ஒரே ஒரு ஜம்பர் கம்பி செல்கிறது. கம்பியும் அதன் இரு தொடுமுனைகளும் சேர்ந்து 0.1 ஓம் மின்தடை உடையன எனக் கொண்டால், 500 மில்லி ஆம்பியர் பாயும்போது அதன் இரு முனைகளுக்கிடையே 50 மில்லி வோல்ட் வேறுபாடு எழும். உணரி தன் தரையிலிருந்து 300 மில்லி வோல்ட் உயரத்தில் வெளியிடுகிறது. அத்தரையோ பலகையின் தரையைவிட 50 மில்லி வோல்ட் உயர்ந்து நிற்கிறது. எனவே பலகை காண்பது 350 மில்லி வோல்ட். எல்.எம்.35 உணரியின் மொழியில் 50 மில்லி வோல்ட் என்பது 5 டிகிரியாகும்.

இரு பிழைகளும் ஒரே திசையில் செயற்படுவதால் ஒன்றையொன்று பெருக்குகின்றன. 350 மில்லி வோல்ட்டை 4.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் மாற்றி தரும் எண் 79. நிரலின் கணக்கில் அது 38.6 டிகிரி. உண்மையான வெப்பநிலையோ 30 டிகிரி. கோடையில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இயல்பாகப் பதிவாகும் வெப்பநிலைதான் 38.6 என்பது. எண்ணைப் பார்த்து ஐயுற யாருக்கும் காரணம் தோன்றாது.

சாளரம் துடிப்பதன் காரணம் இப்போது தெளிவாகிறது. மின்சாரம் அளித்தவுடன் சர்வோ தொடக்க நிலைக்கு நகர்கிறது. அந்நகர்வே அளவீட்டை 32 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. நிரல் சாளரத்தைத் திறக்கிறது. மோட்டார் நின்றதும் அளவீடு 30க்கு இறங்குகிறது. நிரல் மூட ஆணையிடுகிறது. மூடுவதற்கான நகர்வு மீண்டும் அளவீட்டை உயர்த்துகிறது. உணரி அறையின் வெப்பத்தை அளக்கவில்லை. மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்துகொண்டிருக்கிறது.

5. சராசரி எடுத்தலின் எல்லை

இத்தகைய நிலையில் மாணவர்கள் முதலில் நாடும் தீர்வு, பத்து அல்லது நூறு அளவீடுகளின் சராசரியை எடுப்பதாகும். அளவீட்டுப் பிழைகளை முறையான பிழைகள், ஒழுங்கற்ற பிழைகள் எனப் பகுப்பது இயற்பியலின் அடிப்படைப் பாடம். உண்மை மதிப்பின் இருபுறமும் சிதறும் ஒழுங்கற்ற பிழைகளைச் சராசரி குறைக்கும். ஒரே திசையில் சாய்க்கும் முறையான பிழையை அது தொடுவதே இல்லை. மேலே கண்ட இரு பிழைகளும் மோட்டார் இயங்கும்போதெல்லாம் அளவீட்டை மேல்நோக்கியே தள்ளுகின்றன. இயக்கத்தின்போது எடுத்த நூறு அளவீடுகளின் சராசரி, ஒற்றை அளவீட்டைப் போலவே பிழையானது. ஆனால் அதைவிடச் சீரானதாகத் தோன்றுவது. அச்சீர்மை பிழைக்கு நம்பகத்தன்மையையும் சேர்த்துவிடுகிறது.

எனினும் சராசரிக்கு உரிய இடம் ஒன்றுண்டு. நீண்ட கம்பிகளும் உயர் மின்தடை உடைய உணரிகளும் சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து 50 ஹெர்ட்ஸ் குறுக்கீட்டை ஏற்கின்றன. அதன் ஒரு சுற்று 20 மில்லி நொடி. 20 மில்லி நொடிக்குள் சீரான இடைவெளியில் எடுத்த அளவீடுகளின் சராசரியில் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. ஆக, எவ்வகைப் பிழை என அறிந்த பின்னரே சராசரியைக் கையாளுதல் தகும்.

6. பிழைகளைப் பிரித்தறியும் சோதனைகள்

மல்டிமீட்டர் மட்டும் கொண்டு இப்பழுதைக் காண்பது கடினம். சாதாரண மல்டிமீட்டர் தன் எண்ணை நொடிக்குச் சில முறையே புதுப்பிக்கிறது. சில மில்லி நொடி நீடிக்கும் மின்னழுத்தத் தாழ்வை அது காட்டாமலே விட்டுவிடும். ஆசிலோஸ்கோப் இருப்பின் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அது இல்லாத இடத்திலும் பலகையையே அளவியாகக் கொண்டு பின்வரும் மூன்று சோதனைகளைச் செய்யலாம்.

6.1 சுமை நீக்கச் சோதனை: மோட்டாரின் மின்சாரக் கம்பியை மட்டும் நீக்கி, நிரலை மாற்றாமல் இயக்க வேண்டும். அளவீடு அமைதியடைந்தால் நிரலும் உணரியும் ஐயத்திலிருந்து பெரிதும் விடுபடுகின்றன. அமைதியடையாவிடில் பழுது வேறிடத்தில் உள்ளது. யுனோவில் சர்வோ நூலகம் முதலாம் நேரங்காட்டியைக் கைக்கொள்வதால் 9, 10ஆம் முனைகளின் துடிப்பகல வெளியீடு செயலிழப்பது போன்ற நிரல்சார் முரண்கள் அப்போது தேடப்பட வேண்டும்.

6.2 சுழியச் சோதனை: பயன்படாத அனலாக் முனை ஒன்றிலிருந்து ஒரு கம்பியை உணரியின் தரைக்கால் செருகப்பட்ட அதே வரிசைக்கு இணைக்க வேண்டும். அம்முனையின் அளவீடு எப்போதும் 0 ஆக இருத்தல் வேண்டும். மோட்டார் இயங்கும்போது அது 10 அல்லது 11 என உயர்ந்தால், உணரியின் தரை ஏறத்தாழ 50 மில்லி வோல்ட் உயர்கிறது என்பது உறுதியாகிறது. தரை எதிர்த்திசையில் நகர்ந்தால் மாற்றி 0 என்றே காட்டும் என்பதால், 0 கிடைத்ததைக் கொண்டு மட்டும் தரை சரியென முடிவுகட்டலாகாது.

6.3 உள் ஒப்பீட்டுச் சோதனை: ஏ.டி.மெகா328பி தனக்குள் ஏறத்தாழ 1.1 வோல்ட் நிலையான மின்னழுத்தம் ஒன்றைக் கொண்டுள்ளது. மின்வழங்கலை ஒப்பீடாகக் கொண்டு இந்த 1.1 வோல்ட்டை அளக்குமாறு நிரலில் அமைக்க இயலும். மின்வழங்கல் 5 வோல்ட் எனில் எண் 225, 4.5 வோல்ட் எனில் 250. மோட்டார் இயங்கும்போது எண் உயர்வது மின்வழங்கல் தாழ்வதைக் காட்டுகிறது. உள் மின்னழுத்தம் சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வோல்ட் வரை வேறுபடலாம் என்பதால், தொடக்கத்தில் ஒருமுறை மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். இவ்வளவீட்டிற்கு மாறியபின் சில மில்லி நொடி காத்திருப்பதும் தேவை.

இரண்டாம், மூன்றாம் சோதனைகள் இரு பிழைகளையும் தனித்தனியே காட்டுகின்றன. சுழியம் உயர்ந்து உள் ஒப்பீடு மாறாதிருந்தால் தரைக்கம்பியே குற்றவாளி. சுழியம் மாறாது உள் ஒப்பீடு உயர்ந்தால் மின்வழங்கல் போதவில்லை. இரண்டும் மாறினால் இரண்டையும் திருத்த வேண்டும்.

7. திருத்தங்களும் அவற்றின் வரிசையும்

முதல் திருத்தம் மோட்டாருக்குத் தனி மின்வழங்கி அளிப்பதாகும். 5 வோல்ட், 1 ஆம்பியருக்குக் குறையாத வழங்கி ஒற்றைச் சிறிய சர்வோவிற்குப் போதுமானது. இங்கு அடிக்கடி நேரும் தவறு ஒன்றுண்டு. தனி வழங்கி அளித்தோர் அதன் தரைமுனையைப் பலகையின் தரைமுனையோடு இணைக்க மறந்துவிடுகின்றனர். கட்டுப்பாட்டுக் குறிகை எதனோடு ஒப்பிட்டு உயர்வு அல்லது தாழ்வு என அறியப்படும் என்பதற்கு அப்போது அடிப்படையே இல்லாமற் போகிறது. மோட்டார் நடுங்குகிறது அல்லது அசைய மறுக்கிறது. மின்சாரம் தனித்தனி, தரை பொது என்பதே விதி.

இரண்டாவது, அப்பொதுத் தரை ஒரே புள்ளியில் சேர்தல் வேண்டும். மோட்டாரின் தரைக்கம்பி மின்வழங்கிக்கு நேரே செல்ல வேண்டும். உணரியின் தரைக்கம்பி பலகைக்கு நேரே செல்ல வேண்டும். அவ்வாறு அமைத்தால் மோட்டாரின் மின்னோட்டம் உணரியின் கம்பி வழியாகத் திரும்புவதில்லை. செலவு ஏதுமற்ற இத்திருத்தம், ஓரிரு கம்பிகளின் இடமாற்றமே.

மூன்றாவது, மின்தேக்கிகள். ஒவ்வொரு சில்லின் மின்முனைக்கு அருகிலும் 0.1 மைக்ரோ ஃபாரட் பீங்கான் மின்தேக்கியும், மோட்டாருக்கு அருகில் 470 மைக்ரோ ஃபாரட் போன்ற பெரிய மின்தேக்கியும் இடுவது வழக்கம். இவை விரைவான துடிப்புகளைத் தணிக்கின்றன. ஆனால் போதாத மின்வழங்கிக்கு மின்தேக்கி மாற்றாகாது. மின்வழங்கி எதையும் தராத நிலையில், 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி அரை ஆம்பியரை ஒரே ஒரு மில்லி நொடி தந்தாலே அதன் மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். சர்வோவின் நகர்வோ பல பத்து மில்லி நொடிகள் நீடிப்பது.

நான்காவது, எல்.எம்.35 உணரியை அளக்கும்போது 1.1 வோல்ட் உள் மின்னழுத்தத்தையே ஒப்பீடாகக் கொள்ளலாம். 30 டிகிரியில் எண் 279 ஆகிறது; மின்வழங்கல் தாழ்ந்தாலும் அது மாறுவதில்லை. அளவீட்டின் நுண்மையும் ஏறத்தாழ 0.5 டிகிரியிலிருந்து 0.1 டிகிரியாகச் சிறக்கிறது. அளக்கத்தக்க உச்சம் 110 டிகிரியாகக் குறைவது பசுமைக்குடிலுக்கு இடையூறன்று. ஆனால் இத்திருத்தம் தரைப்பிழையை நீக்காது.

நிரல்சார் திருத்தங்கள் இறுதியிலேயே வருதல் வேண்டும். மோட்டார் ஓய்ந்திருக்கும்போது மட்டும் அளத்தல், 32 டிகிரியில் திறந்து 30 டிகிரிக்குக் கீழே மட்டும் மூடுமாறு தயக்க இடைவெளி அமைத்தல் ஆகியவை நல்ல வடிவமைப்பின் கூறுகளே. ஆனால் கம்பிகளைத் திருத்தாமல் இவற்றை முதலில் செய்தால் சாளரத்தின் துடிப்பு நிற்கும், பிழை நிற்காது.

8. மின்வழங்கலின் பிற சிக்கல்கள்

மின்னழுத்தம் மேலும் தாழ்ந்தால் நுண்கட்டுப்படுத்தியே தடுமாறும். யுனோ பலகையில் மின்தாழ்வுக் காவல் 2.7 வோல்ட்டில் அமைந்துள்ளது. அதற்குக் கீழே சென்றால் நுண்கட்டுப்படுத்தி மறுதொடக்கம் கொள்ளும். ஆனால் 16 மெகா ஹெர்ட்ஸ் வேகத்தில் பிழையின்றி இயங்க அதற்கு ஏறத்தாழ 3.8 வோல்ட் தேவை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதியில் அது நிற்பதுமில்லை. சரியாக இயங்கும் என்னும் உறுதியுமில்லை. விளக்கமுடியாத நிரல் நடத்தைகள் சிலவற்றின் பிறப்பிடம் இவ்விடைவெளியே. எதனால் மறுதொடக்கம் நேர்ந்தது என்பதை நுண்கட்டுப்படுத்தியின் நிலைப்பதிவகம் ஒன்று குறித்து வைக்கிறது. துவக்க நிரலின் சில பதிப்புகள் அதனை அழித்துவிடுவதால், அதனைப் படிக்குமுன் பதிப்பைச் சரிபார்த்தல் நன்று.

9 வோல்ட் சதுர மின்கலத்தால் மோட்டாரை இயக்க முயல்வது பரவலான மற்றொரு தவறாகும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி மட்டுமே, உள்மின்தடையும் மிகுதி. பலகையின் நேரியல் சீராக்கி 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும்போது ஆற்றலில் ஒன்பதில் நான்கு பங்கு வெப்பமாகக் கழிகிறது. 12 வோல்ட் இணைப்பில் 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் அச்சிறு சீராக்கி ஏறத்தாழ 1.4 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். தொட இயலாத அளவு அது சூடேறுவதும், தன்னைக் காத்துக்கொள்ள இடையிடையே நின்றுபோவதும் இதனால்தான்.

ரிலேக்களில் இருவகைக் கவனம் தேவை. 5 வோல்ட் ரிலேச் சுருள் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் இழுப்பது. யுனோவின் ஒரு முனை தாங்கும் உச்ச வரம்போ 40 மில்லி ஆம்பியர். எனவே டிரான்சிஸ்டர் வழியாகவே அதனை இயக்க வேண்டும். சுருளை அணைக்கும் கணத்தில் எழும் உயர் மின்னழுத்தத் துடிப்பைத் தணிக்கச் சுருளுக்குக் குறுக்கே டயோடு ஒன்றை எதிர்த்திசையில் இணைத்தல் கட்டாயம்.

வைஃபை வசதியுள்ள இ.எஸ்.பி.32 பலகையில் மோட்டார் இல்லாமலே இச்சிக்கல் எழக்கூடும். செய்தி அனுப்பும் கணங்களில் அது 240 மில்லி ஆம்பியர் அளவிற்கு இழுப்பதால், குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரவல்ல மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. மெலிந்த யு.எஸ்.பி. கம்பியை மாற்றியதும் பலகை அமைதியடைவதன் காரணம் இதுவே.

9. உணரிகளுக்கு இடையிலான குறுக்கீடு

உணரிகள் ஒன்றையொன்று நேரடியாகவும் பாதிக்கின்றன. எச்.சி.–எஸ்.ஆர்.04 மீயொலி உணரிகள் அனைத்தும் 40 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலேயே ஒலிக்கின்றன. இரண்டை ஒரே நேரத்தில் இயக்கினால் ஒன்றின் எதிரொலியை மற்றொன்று தன்னுடையதாகக் கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாக, இடையே 60 மில்லி நொடி விட்டு இயக்குவதே தீர்வு.

நீரின் தரத்தை அளக்கும் சுற்றுகளில் இக்குறுக்கீடு நுட்பமானது. அமிலகாரத் தன்மையை அளக்கும் கண்ணாடி மின்முனையின் மின்தடை மிக உயர்ந்தது. அது வெளியிடுவது மில்லி வோல்ட் அளவிலான குறிகை. கரைந்த உப்பை அளக்கும் மின்முனையோ நீர்வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி அளப்பது. இரண்டையும் ஒரே தொட்டியில் இட்டு ஒரே பலகையில் இணைத்தால், தரைக்கம்பி மட்டுமின்றி நீரும் அவற்றை இணைக்கும் கம்பியாகிவிடுகிறது. தனித்தனிக் குவளைகளில் சரியாக அளந்தவை ஒரே தொட்டியில் பிறழ்வது இதனால்தான். ஒன்றை அளக்கும்போது மற்றதன் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்தல், அல்லது மின்தனிமைப்படுத்தும் பலகையை இடையில் பொருத்துதல் தீர்வாகும்.

ஓர் உணரியின் பிழை கணக்கீட்டின் வழியாக இன்னோர் உணரிக்குப் பரவுவதும் உண்டு. ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுவதால், மீயொலித் தொலைவைத் திருத்த வெப்பநிலையைப் பயன்படுத்துவது வழக்கம். எடுத்துக்காட்டுச் சுற்றின் 38.6 டிகிரியை அத்திருத்தத்தில் இட்டால், 2 மீட்டர் தொலைவு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் பிழைபடும். அப்போது மீயொலி உணரியைச் சோதிப்பவருக்கு அதில் எக்குறையும் தென்படாது.

10. பழுது கண்டறியும் வரிசை

மேற்கண்டவற்றைத் தொகுத்தால் பின்வரும் வரிசை கிடைக்கிறது.

1. சுற்றிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் இழுக்கும் உச்ச மின்னோட்டத்தைக் கூட்டி, மின்வழங்கியின் திறனோடு ஒப்பிடுதல்.
2. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியைத் தாளில் வரைந்து, மோட்டாரும் உணரியும் பகிரும் கம்பிகளைக் குறித்தல்.
3. சுமை நீக்கச் சோதனை, சுழியச் சோதனை, உள் ஒப்பீட்டுச் சோதனை ஆகியவற்றைச் செய்தல்.
4. மின்வழங்கல், தரை, மின்தேக்கி, ஒப்பீட்டு மின்னழுத்தம் என்னும் முறையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்திச் சோதனையை மீண்டும் செய்தல்.
5. உணரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அவற்றிடையேயுள்ள குறுக்கீட்டைக் காணுதல்.
6. இவற்றின் பின்னரே உணரியை மாற்றுதலும் நிரலில் வடிகட்டுதலும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பது இவ்வரிசையின் உயிர்நாடி. நான்கு திருத்தங்களை ஒருங்கே செய்து சுற்று சரியானால், எது பழுது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த சுற்றில் அதே பழுது மீண்டும் தோன்றும்.

11. முடிவுரை

நுண்கட்டுப்படுத்திச் சுற்றில் உணரி தனித்து அளப்பதில்லை. மின்வழங்கல், தரைக்கம்பி, ஒப்பீட்டு மின்னழுத்தம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அளக்கின்றன. இவற்றுள் எது அசைந்தாலும் அது உணரியின் எண்ணாகவே வெளிப்படும். ஆகவே எண்ணில் தெரியும் பழுதை எண்ணிலேயே திருத்த முற்படுவது பொருந்தாது.

ஆய்வுக்கெனத் தரவு திரட்டும் சுற்றுகளுக்கு ஒரு நடைமுறை இன்றியமையாதது. உணரியின் அளவீட்டைப் பதியும்போதெல்லாம், அதே கணத்தில் உள் ஒப்பீட்டுச் சோதனை தரும் மின்வழங்கல் மின்னழுத்தத்தையும் உடன் பதிய வேண்டும். 68 என்னும் எண்ணுடன் 4.5 வோல்ட் என்பதும் பதிவாகியிருப்பின், உண்மை வெப்பநிலை 29.9 டிகிரி எனப் பின்னரும் மீட்டுவிடலாம். 68 மட்டுமே பதிவாகியிருப்பின் அது 33.2 டிகிரியாகவே நிலைத்துவிடும். தரைப்பிழையை இவ்வாறு பின்னர் மீட்க இயலாது. அதனைத் தரவு திரட்டத் தொடங்குமுன் கம்பியில்தான் திருத்த வேண்டும். ஆய்வேட்டில் உணரியின் பெயரையும் நிரலையும் தருவதோடு, மின்வழங்கும் முறையையும் தரை இணைப்பின் அமைப்பையும் சேர்த்துத் தருவதை நெறியாளர்கள் வலியுறுத்தினால், இத்தகைய தரவுகளின் நம்பகத்தன்மையைப் பிறர் சோதித்தறிய வழி பிறக்கும்.